அண்ணன் தனக்குப் போட்டுக்கொண்ட எண்

பிளஸ் டூ முடித்த அண்ணன் அந்த வருஷம் எந்தக் கல்லூரிக்கும் போகாமல் வீட்டில் இருந்தான். யாராவது கேட்டால், 'இம்ப்ரூவ்மென்ட் எழுதுறான்' என்று சொல்ல வேண்டுமென அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் போதாதவர்கள் அதே தேர்வை மறு வருஷம் திரும்ப எழுதிப் பார்க்கும் வழி அப்போது இருந்தது. எங்கள் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் தெருவுக்கு ஒரு பிள்ளையாவது அப்படி வீட்டில் இருக்கும். காலையில் நாங்கள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது அந்தப் பிள்ளைகள் புத்தகத்தோடு வாசல் கேட்டருகே நிற்பார்கள். உடம்பு சரியில்லாதவர்களைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்த்து மெதுவாகச் சிரித்துவிட்டுப் போவோம். எனக்குப் பத்து வயது. சிரிக்கப்பட வேண்டியவன் எங்கள் வீட்டிலேயே இருந்ததில் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அண்ணன் டாக்டராக வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. அண்ணனுக்குச் செங்கல்பட்டில் இருக்கும் கல்லூரியில் சேர்ந்து வரலாறு படிக்க ஆசை. அதைச் சொல்ல அவன் ஒரு வாரம் தயாரானான். அப்பா கோபப்படவில்லை. "வரலாறு படிச்சு?" என்று மட்டும் கேட்டார்.  வருஷம் அப்படித்தான் தொடங்கியது. பிறகும் அண்ணன் சும்மா விடவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால், டிவி செய்திக்கு நடுவில், கறிகாய் வாங்கி வந்த பையைக் கீழே வைப்பதற்குள் என்று இருவருக்கும் வாக்குவாதம் வந்துகொண்டே இருந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுவேன்.

அப்பா மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். படித்து மேலே வந்து, ஊரின் அணு ஆராய்ச்சி மையத்தில் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்தார். உழைத்தால் வராதது எதுவுமில்லை என்று அவர் சொன்னால் அது உபதேசம் அல்ல, அவருக்கு நடந்த செய்தி.

அண்ணனின் படிப்புக்கென்று வாங்கிய கம்ப்யூட்டர் ஹாலில், அம்மா பூ வேலை செய்த உறைக்குள் இருந்தது. அண்ணனோடு படித்த, பக்கத்துப் புதுப்பட்டினத்து அண்ணா ஒருவர் மாமல்லபுரத்தில் ஒரு நெட் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சிலைகளைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் யாரோ ஊருக்குப் போகும்போது அங்கே விட்டுவிட்டுப் போன ஒரு சி.டி.யை அவர் கொண்டுவந்து கொடுத்தார். கால்பந்து விளையாட்டு என்றார்கள். நான் ஆசையாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பந்தையே காணோம். திரை முழுக்கப் பெயர்கள், எண்கள். ஆட்டம் நடக்கும்போது கீழே ஒரு வரி மட்டும் ஓடும்: இன்னார் உதைத்தார், வெளியே போனது.

நாம் அதில் ஆட்டக்காரர் அல்ல, மேலாளர். பதினாறு பதினேழு வயதுப் பையன்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். யாருக்கு என்ன பயிற்சி, யாரை எப்போது இறக்குவது, யாரை உட்கார வைப்பது, யாரைச் சின்ன அணிக்கு இரவல் கொடுத்துப் பழக்குவது என்று யோசித்து, சில வருஷங்களில் அவர்களை ஆளாக்க வேண்டும். அந்த வருஷங்கள் திரையில் சில மணி நேரத்தில் ஓடிவிடும். தன்னை ஆளாக்க ஒரு வீடே பாடுபட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அண்ணன் முகம் தெரியாத இங்கிலாந்துப் பையன்களை ஆளாக்கிக்கொண்டிருந்தான். அப்பா வேலையிலும் அம்மா மதியத் தூக்கத்திலும் இருக்கும்போதுதான் இதெல்லாம்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு பையனுக்கும் இருநூறுக்கு இவ்வளவு என்று ஒரு எண் உண்டு. அவன் எவ்வளவு தூரம் வளர முடியும் என்பதன் எல்லை அது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நாமே புதுப் பையன்களை எழுதிச் சேர்த்து, அந்த எண்ணையும் போட்டுவிடலாம். அதைக் கண்டுபிடித்த அன்று அண்ணன் எங்கள் எல்லாரையும் ஒரு மூன்றாந்தர அணியில் சேர்த்தான். எதிர் வீட்டு மாமாவின் மகன் டவுன்ஷிப்பின் முதல் மாணவன், அவனுக்கு நூற்றெழுபது. எனக்கு நூற்றைம்பது. புதுப்பட்டினத்து அண்ணாவுக்கு நூறு. தன் பெயரைத் தட்டிவிட்டு அறுபது என்று போட்டான். கடின உழைப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மட்டும் தனக்கு இருப்பதிலேயே பெரிய எண்ணைப் போட்டுக்கொண்டான்.

புதுப்பட்டினத்து அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா மச்சான், உன் பேருக்கு நீயே அறுவது போட்டுகினு கீற? வேற எவனா போட்டிருந்தா சட்டையப் புடிச்சிருப்ப. பாப்பாக்கு மட்டும் நூத்தம்பதா? கவுனு மாட்டிகினு ஆடுமா அது?"

"எனக்கு அது போதும்டா" என்றான் அண்ணன்.

நான் அவனிடம், அறுபதுக்கு மேல் பயிற்சி கொடுத்தால் ஏறாதா என்று கேட்டேன். ஏறாது, அங்கேயே நின்றுவிடும் என்றான். அப்படியானால் எதற்குக் கடினமாக உழைக்க வேண்டும் என்று கேட்டேன். அவன் என் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். என் எண் அவனுடையதைவிடப் பெரியது என்ற சந்தோஷத்தில் நான் வேறெதுவும் யோசிக்கவில்லை.

என் பெயர் போட்ட பையன் வேகமாக வளர்ந்தான். பத்தொன்பது வயதில் ஒரு பெரிய அணி கேட்டது. "உன்னை வித்துட்டேன்" என்று அண்ணன் அறிவித்தான். பெரிய அணியில் என்னை இறக்கவே இல்லை, வாராவாரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டுப் பையன் இன்னும் பெரிய அணிக்குப் போய் முழங்காலை உடைத்துக்கொண்டான். அண்ணனோ தன் பெயரில் இருந்த அந்த அறுபதை விற்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவனை இன்னும் சின்ன ஊர் ஒன்றுக்கு இரவல் அனுப்பினான். திரும்பி வந்ததும் கோல் போடும் இடத்திலிருந்து எடுத்து, ஆட்டம் முழுக்க ஓடினால் போதும் என்கிற ஒரு நடு இடத்தில் நிறுத்தினான். பயிற்சியைக் குறைத்தான், மறுபடி கூட்டினான். இவன் பக்கத்தில் யார் ஆடினால் இவன் குறை தெரியாது என்று தேடித் தேடி ஒருவனைக் கொண்டுவந்தான். பல வருஷங்கள் கழித்து, அதாவது இரண்டு மாதத்தில், அந்தப் பையன் அந்த மூன்றாந்தர அணியின் கேப்டன் ஆனான். கோப்பை எதுவும் இல்லை. அட்டவணையின் நடுவில் இருந்தார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது. அண்ணன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, கேப்டன் என்று போட்டிருந்த அந்தத் திரையைத் திரும்பவும் பார்த்தான். அந்த வருஷத்தில் அவனை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு நாள் அப்பா ஆபீஸ் பஸ்ஸுக்குக் காத்திராமல் மதியமே வந்துவிட்டார். நாங்கள் மாட்டிக்கொண்டோம். அடி விழும் என்று நினைத்தேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அண்ணனுக்குப் பின்னால் நின்று பார்த்தார். எண்களும் அட்டவணைகளும் அவருக்குப் பழக்கமானவை. இது என்ன, அது என்ன என்று கேட்டார். அண்ணன் முதலில் தயங்கி, பிறகு உற்சாகமாக எல்லாவற்றையும் விளக்கினான். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர்கள் இருவரும் சண்டையில்லாமல் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. அம்மா எழுந்து வந்து, நம்ப முடியாமல் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

கேப்டன் பெயரைப் பார்த்ததும் அப்பா சிரித்தார். "நீயா இது?" என்றார். பெரிய அணிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டார். அண்ணன் அந்த எண்ணைச் சொன்னான்.

"யாரு போட்டது?"

"நான்தான்பா."

அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவர் வீட்டில் அளந்துதான் பேசுவார். அன்று ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "எனக்கும் ஒருத்தன் போட்டான்டா நம்பரு. எட்டாவதே உங்களுக்கு ஜாஸ்தின்னான். எங்கப்பாவ நிக்க வெச்சுகினு சொன்னான். அதக் கேட்டுகினு நான் இருந்திருந்தா நீ இந்த வூட்ல குந்திகினு இருப்பியா? எவனோ போட்டான், தாண்டி வந்தேன். உன் கையால நீயே போட்டுக்கலாமா?"

"இது கேம்பா" என்றான் அண்ணன் மெதுவாக.

"கேம்தானே? அப்ப மாத்து."

தொடங்கிய ஆட்டத்தில் அந்த எண்ணை மாற்ற முடியாது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அண்ணன் சொன்னான். தொடங்கு என்றார் அப்பா.  அண்ணன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். பிறகு அழித்தான். புதிதாகத் தன் பெயரைத் தட்டி, அப்பா பார்த்துக்கொண்டிருக்க, இருநூறு என்று போட்டான்.

இப்போது எனக்கு ஒரு மகன் இருக்கிறான். நாங்கள் நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். சனிக்கிழமைகளில் அவனுக்குக் கால்பந்து சொல்லித் தரும் மாஸ்டர் போன வாரம் என்னைத் தனியே அழைத்து, இவனிடம் ஏதோ இருக்கிறது மேடம், வாரம் முழுக்க அனுப்புங்கள் என்றார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அனுப்பினால் அவனைப் பிழிகிறேனோ, அனுப்பாவிட்டால் என் சோம்பலால் அவனுக்கு ஒரு எல்லை கட்டுகிறேனோ என்று மாறி மாறித் தோன்றுகிறது. அப்பா சொன்னது தவறென்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவர் வாழ்க்கையில் உண்மை. அது அண்ணன் வாழ்க்கையிலும் உண்மையா என்று கேட்கத்தான் அன்று யாருமில்லை.

இருநூறு போட்ட அந்த நாளுக்குப் பிறகு விளையாட்டு எங்கள் வீட்டில் அனுமதிக்கப்பட்ட ஒன்றாகிவிட்டது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல், "நம்ம பையன் எத்தனை கோல்?" என்று கேட்பார். இருநூறு போட்ட பையனுக்கு எந்தப் பயிற்சியும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் இறங்கினான், கோல் போட்டான், பெரிய அணிக்குப் போனான், கோப்பைகளை வாங்கினான். அப்பா அதை ஆபீசிலும் யாரிடமோ சொல்லியிருக்கிறார். தன்னம்பிக்கை வந்துவிட்டது, இந்த முறை பாரேன் என்று அம்மாவிடம் சொல்வது எனக்குக் கேட்டது. அண்ணன் அப்பா வரும் நேரத்துக்குக் கம்ப்யூட்டரைப் போட்டு, ஒரு கையில் வேதியியல் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் ஒரே பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்பான். திரையைப் பார்க்க மாட்டான். அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய எண்ணை மட்டும் கடைசியில் பார்த்து வைத்துக்கொள்வான்.

ஒரு முறை வந்த புதுப்பட்டினத்து அண்ணா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "பழைய டீம் எங்கடா?" என்றார். அழிச்சிட்டேன் என்றான் அண்ணன். அவர் ஏதோ கிண்டல் செய்ய வாயைத் திறந்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "வுடு மச்சான்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பிறகு அவர் அதிகம் வரவில்லை.

பரீட்சை வந்தது, போனது. முடிவு வந்த அன்று வெயில் கொளுத்தியது. ஒரு பாடத்தில் கொஞ்சம் கூடியிருந்தது, இன்னொன்றில் அதே அளவு குறைந்திருந்தது. எதிர் வீட்டில் மகனின் மதிப்பெண்ணுக்காக இனிப்பு கொடுத்தார்கள், அம்மா வாங்கி வைத்துவிட்டு மூடினாள்.  தட்டு வைக்கும் நேரத்தில்தான் அப்பா வாயைத் திறந்தார். அவர் முகத்தைப் பார்த்து, பெரிய சண்டை வரப்போகிறதென்று நான் குளியலறைப் பக்கம் நகர்ந்தேன்.

"இன்னும் ஒரு வருஷம் பாத்துடலாம்" என்றார்.

"சரிப்பா" என்றான் அண்ணன்.

அப்பா மேலே சொல்ல நிறைய வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். எதுவும் தேவைப்படவில்லை. அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான். அப்பா கொஞ்சம் திகைத்து, பிறகு முகம் தெளிந்து, "பாத்தியா, பையனுக்குப் பக்குவம் வந்துடுச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். அதன் பிறகு அண்ணன் அப்பாவிடம் எதையும் மறுத்துப் பேசியதில்லை. அந்த இன்னொரு வருஷத்துக்கும், அதற்குப் பின் அப்பா சேர்த்துவிட்ட தூரத்துக் கல்லூரிக்கும், இப்போது மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களின் அறை வாசலில் காத்திருக்கும் வேலைக்கும் அதே சொல்தான்.

எனக்கு அன்று மதியம் ஒரே குதூகலம். இனி எங்கள் வீட்டில் சண்டையே வராது என்று நினைத்து, குளியலறைப் பக்கமிருந்து ஓடிவந்து அண்ணனை ஒட்டி உட்கார்ந்து, எனக்கும் தட்டு வை என்றேன். அம்மா சாதக் கரண்டியைக் கையில் பிடித்தபடி, பரிமாறாமல், அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பசிக்கிறது, ஏன் இவள் இப்படி நிற்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.