முதல் விசில் பாத்திரத்துக்கு

சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தால் பல்லில் நறநறவென்று ஏதோ கடிபடும். அரிசியில் கிடந்த கல் என்று சொல்ல முடியாது, அம்மா முறத்தில் போட்டுப் புடைத்துப் பொறுக்கித்தான் உலையில் போடுவாள். உலை கொதிக்கும்போதும் வெந்ததை வடிக்கும்போதும் கூரை இடுக்கு வழியாக வந்து இறங்கிய, குவாரியில் கல் அரைக்கும் கிரஷரின் தூள் அது, எங்கள் தெருவில் அதற்கு "பவுடர்" என்று பெயர். வாசலில் நின்ற கறிவேப்பிலைச் செடி வெள்ளையாக இருக்கும், கொடியில் காய்ந்த நீலப் பாவாடை வெள்ளையாக இருக்கும், குவாரியில் சம்மட்டி அடித்துவிட்டு வரும் அப்பா புருவமும் மீசையும் காது மடலும் நரைத்த கிழவராக வந்து நின்று, முகம் கழுவிய பிறகுதான் அப்பாவாக மாறுவார். எல்லார் வீட்டுச் சோறும் இப்படித்தான் நறநறக்கும் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் என்னோடு படித்த பெண்ணின் வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட்டபோதுதான் சோறு என்பது வழவழவென்று தொண்டைக்குள் போகக்கூடிய பொருள் என்று தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, கோபம். அது இன்னும் போகவில்லை.

தாம்பரத்திலிருந்து திருநீர்மலை தாண்டிப் போகும் சாலையில், தார் ரோட்டை விட்டு மண் ரோடு திரும்பும் இடத்தில் எங்கள் ஊர் இருந்தது. ஊர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்; அதற்கென்று ஒரு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கண்டக்டர் "குவாரி ஸ்டாப்பு எறங்கு" என்பார், இறங்குவோம். பள்ளிக்கூடத்தில் முகவரி கேட்டால் "குவாரி லைன்" என்போம், டீச்சர் நிமிர்ந்து எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொள்வார். அங்கே முன்பு ஒரு மலை இருந்ததாம். நான் பிறந்தபோது பாதி மலைதான் மிச்சம், நான் எழுதப் படிக்கக் கற்றபோது மலை இருந்த இடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. மலை எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால் தென்சென்னையில் ஏதாவது ஒரு மேம்பாலத்தின் மேல் நின்று காலுக்குக் கீழே பார்த்துக்கொள்ளலாம். வேளச்சேரியில் வீடு கட்டியவர்கள், மேடவாக்கத்தில் ரோடு போட்டவர்கள், எல்லாரும் எங்கள் மலையில் ஒரு துண்டு வாங்கிப் போனவர்கள்தான். கல் உடைக்க ஆள் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று குவாரிக்காரர்களே கூட்டிவந்து குடிவைத்த ஜனங்கள் நாங்கள். பிற்பாடு எங்களை "ஆக்கிரமிப்பு" என்று சொன்னபோது எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

மதியம் ஒரு வேட்டு, சாயங்காலம் ஒரு வேட்டு. பாறையில் குழி போட்டு "மருந்து" அடைத்துத் திரி வைத்து முடித்ததும், மணி அண்ணன் என்பவர் சிவப்புத் துணி கட்டிய கம்போடு மேட்டில் ஏறி நின்று விசில் ஊதுவார். முதல் விசில் நீளமாக வரும். அதைக் கேட்டதும் தெருப் பெண்கள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி, மாடத்தில் இருப்பது, மேடையில் இருப்பது, ஆணியில் தொங்குவது என்று அத்தனை பாத்திரத்தையும் இறக்கித் தரையில் கவிழ்த்து வைப்பார்கள். இல்லாவிட்டால் வேட்டு அதிர்ச்சியில் அது அது தானாக இறங்கி நசுங்கிப் போகும். இரண்டாவது விசில் விட்டுவிட்டு வரும். அதற்கு வீட்டைவிட்டு வெளியே வந்து, உடைக்காமல் விட்டு வைத்திருந்த "யானைப்பாறை"க்குப் பின்னால் போய் எல்லாரும் ஒண்டிக்கொள்ள வேண்டும். "மொத விசிலு பாத்திரத்துக்கு, ரெண்டாவது விசிலு மன்சனுக்கு" என்று நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கெல்லாம் பெரியவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் தப்பு இருப்பதாக எங்கள் தெருவில் ஒருவருக்கும் பட்டதில்லை. எதிர்வீட்டில் ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்கள் காபி டம்ளரும் கையுமாக எங்களோடு பாறைக்குப் பின்னால் வந்து நின்றார்கள். வேட்டு ஓய்ந்ததும் டம்ளரைக் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போனார்கள், அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

என் அம்மாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை இருந்தது. பட்டுப்புடவை, நகை என்றெல்லாம் அவள் கேட்டு நான் கேட்டதில்லை. சுவரில் நீளமாக ஒரு "செல்ஃபு" அடித்து, அதில் பாத்திரங்களைப் பெரிசிலிருந்து சிறிசாக வரிசையாக அடுக்கி, அது பளபளவென்று மின்னுவதை வருகிறவர்கள் பார்க்க வேண்டும். தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகும்போது வழியில் திறந்து கிடக்கும் வீடுகளுக்குள் அவள் கண் நேரே அந்தச் சுவருக்குத்தான் போகும். அவளிடம் பாத்திரத்துக்குக் குறைவில்லை. கல்யாணத்துக்கு அவளுடைய அண்ணன் சீராகக் கொடுத்த பித்தளைக் குடம், பழைய துணி போட்டு வாங்கிய எவர்சில்வர் தூக்குகள், ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் அடுக்குப் பாத்திரம் எல்லாம் ஒரு சாக்குக் கோணியில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. பொங்கலுக்கு வெளியே எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, ஆசை தீரப் பார்த்துவிட்டு மறுபடியும் கோணிக்குள் போட்டுக் கட்டுவாள். "வேட்டு நிக்கட்டும், அப்பால பாரு என் வூட்ட" என்பாள்.

வேட்டு நின்ற கதை கேவலமானது. எங்கள் கூரை ஷீட்டுகளில் கல் விழாத மாதம் கிடையாது. ஓட்டை விழுந்த இடத்தில் கட்சி பேனரை மடித்துப் போட்டு மேலே செங்கல் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினோம், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக மனை போட்டு ஒரு நகர் வந்தது. அங்கே வாசலில் நின்ற ஒருவருடைய புதுக் காரின் கண்ணாடியில் ஒருநாள் சாயங்கால வேட்டுக்குக் கல் பறந்துபோய் விழுந்தது. மறுநாளே அந்த நகரில் சங்கம் கூடியது. எத்தனையோ மண்டை உடைந்தபோது வராத ஆத்திரம் ஒரு கண்ணாடி உடைந்ததும் வந்தது.

சங்கத்துச் செயலாளர், ஓய்வு பெற்ற பெரிய மனிதர், முதல் முறையாக மண் ரோட்டில் இறங்கி எங்கள் தெருவுக்கு வந்தார். "நாங்க மட்டும் போனா காதுல போட்டுக்க மாட்டாங்கம்மா. நீங்களும் வந்து உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க, நம்ம எல்லாருக்கும் நல்லது" என்றார். "நம்ம" என்று அவர் சொன்னதில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா மட்டும், "வேட்ட நிறுத்திட்டா நம்ம கஞ்சிக்கு இன்னா வழி?" என்று கேட்டார். "கல்லு ஒடைக்கவா ஒலகத்துல வேற எடமில்ல?" என்று சொல்லிவிட்டு அம்மா கோணியை அவிழ்த்து, என்றோ ஒரு வேட்டுக்கு இறக்க மறந்து நசுங்கிப்போன அந்தப் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

தாலுகா ஆபீசில் சங்கத்துக்காரர்கள் அம்மாவை முன்னால் தள்ளினார்கள். அவள் குடத்தை அதிகாரியின் மேஜை மேலேயே வைத்தாள். "சார், என் அண்ணன் குட்த்த கொடம் சார், இன்னா கதியா கீது பாருங்க. வூடே ஆடுது சார். உசுருக்கு உத்தரவாதம் இல்ல. இங்க மன்சன் குடியிருக்க முடியாது சார்" என்று சொல்லி ஓவென்று அழுதாள். அவ்வளவு பேர் முன்னால் அம்மா பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியே வந்ததும் செயலாளர், "பிரமாதமா பேசினீங்கம்மா" என்று கைகுவித்தார், வழியில் எங்களுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

சில மாதத்தில் குவாரியை மூடினார்கள். கிரஷர் நின்ற அன்று காதில் ஙொய்யென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அமைதி பழகாத காது. அப்பா பள்ளத்துக்குள் கிடந்த ஒரு கருங்கல் பலகையை ஆள் வைத்துத் தூக்கிவந்து, தானே உளி வைத்துக் கொத்திச் சமப்படுத்தி, சுவரைத் தோண்டி அதில் ஆழமாகப் பதித்தார். அம்மா கோணியை உதறினாள். குடம், தூக்கு, அடுக்கு, சொம்பு, டபரா என்று பெரிசிலிருந்து சிறிசாக எல்லாம் ஏறி உட்கார்ந்தன. நசுங்கல் சுவர்ப்பக்கம் போகும்படி குடத்தைத் திருப்பி வைத்தாள். தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மதியம் ஆனால் அவள் கை மட்டும் பழக்கத்தில் மேலே போகும், பிறகு தானே சிரித்துக்கொண்டு இறங்கும். என் அம்மா நிம்மதியாக இருந்து நான் பார்த்தது அந்தக் கொஞ்ச காலம்தான்.

மழைக்காலங்களில் பள்ளத்தில் தண்ணீர் சேர்ந்தது. முதலில் கலங்கலாக, அப்புறம் பச்சையாக, அப்புறம் சினிமாவில் வருவதுபோல நீலமாக. நீலம் வந்ததும் வெள்ளைச் சட்டைக்காரர்கள் கார்களில் வந்து கரையில் நின்று கைநீட்டிப் பேசிவிட்டுப் போனார்கள். பின்னாலேயே, நாங்கள் பள்ளத்தின் விளிம்பில் ஆபத்தான இடத்தில் குடியிருப்பதாகவும், எங்கள் நன்மைக்காகவே பெரும்பாக்கத்தில் வீடு தருவதாகவும் சொல்லிக்கொண்டு அதிகாரி வந்தார். அதே அதிகாரி. கல் மழை பெய்த காலமெல்லாம் ஆபத்தில்லாத இடம், வேட்டு நின்று குருவி வந்து உட்கார ஆரம்பித்ததும் ஆபத்தான இடமாகிவிட்டது.

"இப்பதான் சார் நிம்மதியா கீறோம். நாங்க எங்கியும் வர மாட்டோம்" என்றாள் அம்மா.

அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார்: "நீங்கதானேம்மா அன்னிக்கு குடத்தை வெச்சுக்கிட்டு அழுதீங்க, இங்க மனுஷன் குடியிருக்க முடியாதுன்னு? அதைத்தான் நாங்களும் சொல்றோம்."

தெருவே அவள் முகத்தைப் பார்த்தது. செயலாளரைத் தேடிக்கொண்டு அப்பா அந்த நகருக்குப் போனார். சார் தூங்குகிறார் என்று சொல்லி கேட்டைச் சாத்தினார்கள்.

பரீட்சை நேரத்தில் ஜேசிபி வந்தது. கருங்கல் பலகையைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுக்க அப்பா கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தார். தன் கையாலேயே அவ்வளவு ஆழமாகப் பதித்தது, அசையவில்லை. அம்மா பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கோணியில் போட்டுக் கட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி, "உன் வாயாலதான்டி எல்லாருக்கும் பேஜாரு" என்றாள். அந்த வாய் அதற்கப்புறம் எந்த ஆபீசிலும், எந்த வாசலிலும் திறக்கவில்லை.

பெரும்பாக்கத்தில் எங்களுக்குக் குலுக்கலில் மேல்மாடியில் ஒரு வீடு விழுந்தது. லிஃப்ட் இருக்கிறது, ஓடுகிற நாளில் ஏறலாம். அப்பா கல்லைத் தேடிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால் ஒரு குவாரிக்கு வேலைக்குப் போனார், வாரத்துக்கு ஒருமுறை வந்தார், பிறகு வேலைக்குப் போக முடியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து இருமினார், இருமியே போய்ச் சேர்ந்தார். மலையில் பாதி மேம்பாலத்துக்குப் போயிற்று என்றால் மிச்சம் அவர் நெஞ்சுக்குள் போயிற்று. நான் படித்து முடித்துத் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் ஆபீசில் என்னோடு வேலை செய்யும் பிரிசில்லா அக்கா புது ஃப்ளாட் வாங்கி, வீட்டுப் பிரதிஷ்டைக்கு எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். பஸ்ஸில் கண்டக்டர் "லேக் வியூ எறங்கு" என்றபோதும் எனக்கு உறைக்கவில்லை. கேட்டுக்குள் நுழைந்ததும் புல்தரைக்கு நடுவில் சீரியல் பல்பு சுற்றி நின்றுகொண்டிருந்தது யானைப்பாறை. அதை வைத்து எண்ணிப் பார்த்தால் எங்கள் வீடு இருந்த இடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது. மாடியில் பாஸ்டர் ஜெபம் பண்ணி, தண்ணீர்க் கரையில் வீடு தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். அக்கா என்னைக் கையைப் பிடித்து பால்கனிக்குக் கூட்டிப்போய், "பாருப்பா, நேச்சுரல் லேக். தினமும் காபி இங்கதான்" என்றார்.

"ரொம்ப ஆழம் அக்கா. பேரப்பிள்ளைங்கள அந்தப் பக்கம் விட்டுடாதீங்க" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பாதான் தோண்டினாரு."

ஏதோ ஜோக் என்று நினைத்து அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனுஷி, அவர் மேல் எனக்கென்ன கோபம். நானும் சிரித்துவிட்டுப் போய்ப் பிரியாணி சாப்பிட்டேன்.

எங்கள் பெரும்பாக்கத்து வீட்டு அடுக்களையில் சிமெண்டில் பதித்த செல்ஃப் இருக்கிறது, நல்ல நீளம். வந்த நாளிலிருந்து அதில் இருப்பது அப்பாவின் பழைய மாத்திரை டப்பாவும் ரேஷன் பையும்தான். கோணி கட்டிலுக்கு அடியில் கட்டியது கட்டியபடி கிடக்கிறது. எடுத்து அடுக்கட்டுமா என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், கேட்காத மாதிரி இருந்துவிடுவாள். அன்று ராத்திரி நான் போய்வந்த இடத்தைச் சொன்னேன். மலை போன இடம், பாறை நிற்கிற இடம், தண்ணீரின் நிறம் எல்லாம் சொன்னேன். அம்மா அதில் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

"பாத்திரம்லாம் எங்க வெச்சிகிறாங்க?" என்றாள்.

"செல்ஃபுலதாம்மா. வரிசையா."

"எல்லாத்தையுமா?"

"ஆமா."

குனிந்து கட்டிலுக்கு அடியில் கிடந்த கோணியைப் பார்த்தாள்.

"அவுங்களுக்கு யாராச்சும் சொல்லிருப்பாங்க, இனிமே விசிலு வராதுன்னு. நம்மகிட்டதான் யாரும் சொல்லல."