முற்றத்துக் கொடி

எங்கள் வீட்டில் ஆண்களின் வேட்டி முற்றத்துக் கொடியில் காயும். பெண்களின் சேலை கொல்லையில்தான். நானும் ஏனென்று கேட்டதில்லை.

பிரெஞ்சு ஆட்சிக் காலம். பாரீஸ் மியூசியத்துக்குத் துணி சேகரிக்க வந்த துரைசானிக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். ஆண் துணிக்கு ஒரு பெட்டி, பெண் துணிக்கு ஒரு பெட்டி. மணப்பட்டு மீனவர் ஒருவர் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். அது மனைவியின் பழஞ்சேலையில் கிழித்தது.

“ஆம்பளத் துணியா, பொம்பளத் துணியா?” என்று கேட்டேன்.

“கரையில இவ கட்டுனா, கடல்ல நான் கட்டுறேன். எதுல போட்டா இன்னாம்மா?”

பக்கத்தில் நின்ற மனைவி சிரித்தாள். துரைசானி அதை எந்தப் பெட்டியிலும் போடாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் முற்றத்தில், கணவரின் வேட்டிக்குப் பக்கத்தில் என் சேலையை உலர்த்தினேன். அவர் பார்த்தார். மதியம் தூறல் விழுந்தபோது, இரண்டையும் ஒரே தோளில் போட்டு அவரே உள்ளே எடுத்து வந்தார்.