மூட்டைக்கு ஒரு டோக்கன்

குடைக்காரிக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் நிற்கவில்லை. எல்லாம் ஒரு சண்டையால் வந்தது. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து புருஷன் சொன்னான். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். ஒண்ணை வச்சுக்கிட்டு நாம படுற பாடு போதாதா?" என்று அவள் சிரித்துவிட்டாள்.

வண்டி இழுக்கக் கிளம்பியவன், "கண்ணுல பட்ட எழுத்தை எல்லாம் படிக்கிறவளாச்சே, பொய்யின்னு காட்டு பாப்போம்" என்று சீண்டிவிட்டுப் போனான்.

தபால் நிலையச் சுவரை ஒட்டிய நடைபாதையில் ஒன்பது வருடக் குடித்தனம். வீடு எங்கே என்று கேட்பவர்களிடம், "வீடுதான் இல்ல, வீட்டுக்காரர் இருக்காரு" என்பாள். எதிரே இரண்டு மாடி நூலகம். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. மூட்டைதான் காரணம். குடை ரிப்பேர் செய்கிற குறடு, கம்பி, ஊசி நூல், இரண்டு போர்வை, பாத்திரம், அவன் சட்டைகள் எல்லாம் அதில்தான். ஒருமுறை அதை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்த் திரும்புவதற்குள் ஒரு போர்வையைக் காணோம். அன்று முதல் அவள் போகிற இடமெல்லாம் மூட்டையும் போகும்.

அன்று மூட்டையோடு நேராகப் படியேறினாள். காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"ஏம்மா, பெரிய பை உள்ள கூடாது. போர்டுல போட்டிருக்கு பாரு."

பார்க்கச் சொன்னால் விடுவாளா? எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். முதல் வரி அவர் சொன்னதுதான். அடுத்த வரியில் அவள் குரல் ஏறியது. "'பைகளை வாயில் ஊழியரிடம் ஒப்படைத்து டோக்கன் பெற்றுக்கொள்ளவும்.' அண்ணே, வாயில் ஊழியர்னா நீங்கதானே? டோக்கன் குடுங்க!"

காவலாளி தலையைச் சொறிந்தார். "அது பைக்கும்மா. இது மூட்டையாச்சே."

"மூட்டை கூடாதுன்னு போர்டுல எங்க இருக்கு? அப்போ உள்ளயே தூக்கிட்டுப் போறேன்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சத்தம் கேட்டு நூலகர் வெளியே வந்தார். நடுவயதுப் பெண்மணி. போர்டை ஒரு முறை, மூட்டையை ஒரு முறை பார்த்தார். "அவங்க சொல்றது சரிதான். வாங்கி வைங்க. பத்திரமா இருக்கணும்" என்றார்.

தலைப்பாரமும் தோள்பாரமும் இல்லாமல் நடந்தபோது, காற்றில் மிதப்பது போலிருந்தது அவளுக்கு. ஆக்டோபஸைப் பற்றி அவள் கேட்டதும், நூலகர் கடல் உயிர்கள் பற்றிய படப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அறுபத்தெட்டாம் பக்கத்தில் ஆக்டோபஸ் வந்தது.

"ஐயோ, மூணேதான்! ரத்தம்கூட நீலமாம்!"

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. டோக்கனைக் கொடுத்து மூட்டையை வாங்கித் தலையில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். தூரத்தில் வண்டியைப் பார்த்ததுமே கத்தினாள். "நீங்க ஜெயிச்சிட்டீங்க! நான் தோத்துட்டேன்!" தோற்றதற்கு இப்படிக் குதிப்பவளை அவன் பார்த்ததே இல்லை.

சேதி நடைபாதை முழுக்கப் பரவியது. மறுநாள் காலை செருப்புத் தைப்பவர், பூக்காரி, பழைய பேப்பர் பொறுக்கும் அண்ணன் தம்பி என்று ஏழு பேர் மூட்டையோடு வாசலில் நின்றார்கள். இருந்த டோக்கன்கள் போதாமல், அட்டையைக் கத்தரித்து நம்பர் எழுதினார் காவலாளி. நாற்றம் என்று ஒருவர் புகார் சொன்னார். நூலகர் மாடிப்படிக்குக் கீழிருந்த அறையை ஒழித்து, மூட்டைகளுக்கென்றே பலகை அடித்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம், வண்டிக்குச் சுமை கிடைக்காத நாளில், குழாயில் கால் கழுவிவிட்டுப் புருஷனும் வந்தான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. அவள் தாழ்ந்த குரலில் படிக்கப் படிக்கப் படத்தில் விரல் வைத்துக் கேட்டான். நீலத் திமிங்கிலத்தின் நாக்கு ஒரு யானையின் எடை என்று அவள் படித்ததும், "அம்மாடியோவ்!" என்று கத்தினான்.

"உஷ்!" என்றார்கள் நான்கு மேசைக்காரர்களும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.