டிரைவர் சந்திரமோகனின் கல்லீரல்

பென்னாகரம் பக்கம் மினி பஸ் ஓட்டும் சந்திரமோகன் வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவு மும்மடங்கு ஏறியிருக்கிறது, கல்லீரல் வீங்கித் தவிக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதும் கோபமே வந்துவிட்டது.

"குடிப்பீங்களா?"

"சத்தியமா இல்லீங்க. டீ மட்டுந்தான்."

"எத்தன டீ?"

சந்திரமோகன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பக்கத்திலிருந்த மனைவி நிர்மலாதேவி சொன்னாள்: "பஸ் நிக்கற எடமெல்லாம் ஒண்ணுங்க. சர்க்கர தூக்கலா. கூடவே போண்டா."

மஞ்சள் காமாலைக்கான சோதனைகளில் ஒன்றும் இல்லை. ஸ்கேனில் தெரிந்தது கொழுப்பு. இதற்கு மாத்திரையைவிட எடை குறைவதுதான் மருந்து என்றார் டாக்டரம்மா. சந்தையில் வாங்கிய 'கல்லீரல் பொடி'யைச் சந்திரமோகன் பையிலிருந்து எடுத்துக் காட்ட, "இத மொதல்ல நிறுத்துங்க. இதுல என்ன கலந்திருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது" என்றார்.

மறுநாள் கண்டக்டர் சென்னப்பன் வாய் சும்மா இருக்கவில்லை. "நம்ம டிரைவருக்கு ஈரல்ல கொழுப்பாம்!" என்று பஸ் முழுக்க அறிவித்துவிட்டான். சந்திரமோகனுக்கு ஸ்டியரிங்குக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

அதன் பிறகு அவருக்குச் சர்க்கரை போட்ட டீ கிடைக்கவில்லை. கடைக்காரர்கள் கிளாஸை நீட்டினால், "அண்ணனுக்கு சர்க்கர போடாத!" என்று ஜன்னல்களிலிருந்து குரல் வரும். சந்தைக்குப் போகும் கண்ணம்மாள் வெள்ளரிக்காயை டேஷ்போர்டில் வைத்துவிட்டு, "தின்னு, அப்பறம் வண்டிய எடு" என்பாள். முதலில் எரிச்சல்பட்டவர் பிறகு வெள்ளரிக்காயை எதிர்பார்க்க ஆரம்பித்தார். ஷெட்டிலிருந்து வீட்டுக்குப் பைக்கை விட்டுவிட்டு நடந்தே போனார். நிர்மலாதேவியும் பாதி வழிக்கு எதிரே வந்து சேர்ந்துகொள்வாள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை என்று இருவருக்கும் தோன்றியது.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "நார்மல்ங்க. ஆனா விட்டுறாதீங்க. விட்டா திரும்ப ஏறிடும்."

"நான் விட்டாலும் பஸ்ஸு விடாதுங்க" என்றார் சந்திரமோகன்.

சென்னப்பன் அன்று விசிலை ஒரு நிமிடம் விடாமல் ஊதினான். பயணிகள் கைதட்டினார்கள். யாரோ லட்டு டப்பாவைத் திறந்தார்கள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு டிரைவருக்கு மட்டும் கொய்யாப்பழம் தந்தார்கள்.

அடுத்த லீவு நாளில் கணவனும் மனைவியும் வத்தல்மலைக்குப் போனார்கள். கடைசி வளைவுகளை நடந்தே ஏறினார்கள். மேலே குளிர்ந்த காற்று அடித்தது. மூச்சு வாங்கியது நிர்மலாதேவிக்குத்தான்.

"என்னங்க, கொஞ்சம் நில்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.