நிலாவுக்குப் பின்னால் போனவர்

பாம்பன் பாலத்தைப் பேருந்தில் கடக்கும்போதே ஜன்னலோரம் இடம் கேட்டு வாந்தி எடுக்கிற ஆள் நான். இந்த லட்சணத்தில், அமெரிக்கா வானத்துக்கு ஆள் அனுப்பிய கதை முழுவதையும், ஏதோ நானே கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தவன் மாதிரி சொல்வேன். மடத்தனத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். எனக்கு அது கிடையாது.

சொந்த ஊர் உப்பூருக்கு மேற்கே, கண்மாய்க்கரை. பிழைப்பு பாம்பன் தீவின் வடகரையில், மீனவர் குடியிருப்பை ஒட்டி வாக்கி டாக்கி பழுது பார்க்கும் கடை. படகுக்காரர்கள் செட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்துக்கு விண்வெளி இலவசம். முதல் அமெரிக்கர் சும்மா கால்மணி நேரம் மேலே போய்விட்டுக் கடலில் வந்து விழுந்ததை ஒருநாள் விவரித்துக்கொண்டிருந்தேன்.

“ஏலே, கடல்ல விழுகுறதுக்கா இம்புட்டுச் செலவு? எங்க ஆளுக சும்மாவே விழுகுறானுக” என்றார் ஒருவர். கடையே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

கடைக்குப் பின்வீட்டு அக்கா ஒரு காலையில் வந்து நின்றார். அவர் வீட்டுக்காரர் முந்தின நாள் மத்தியானம் சிறிய ஃபைபர் படகில் தனியாகக் கடலுக்குப் போயிருந்தார். கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். விடியும்போது திரும்பியிருக்க வேண்டும்.

“தம்பி, அவுக செட்டுல பேச மாட்டேங்குறாக. நீ ஒருக்கா கூப்பிட்டுப் பாரு.”

கூப்பிட்டேன். இரைச்சல்தான் வந்தது.

இந்தக் கரையில் செட் பேசாவிட்டால் யாரும் பதற மாட்டார்கள். நல்ல மீன் மாட்டியவன் முதலில் செய்கிற வேலை செட்டை அணைப்பதுதான். பேசினால் இடம் தெரிந்துவிடும். பக்கத்துப் படகெல்லாம் வந்து வலையை இறக்கிவிடும். அதனால் சத்தம் இல்லை என்றால் இங்கே சந்தோஷம். அன்றைக்குக் குழம்புக்கு மசாலாவைக் கொஞ்சம் கூட்டி அரைப்பார்கள்.

அக்கா முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. சிரிக்க வைப்போம் என்று நினைத்தேன். நிலாவில் முதலில் இறங்கப் போன மூன்று பேரின் கதையை எடுத்தேன். இரண்டு பேர் கீழே இறங்கிவிட்டார்கள். மூன்றாமவர் தாய்க்கலத்தில் தன்னந்தனியாக நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். பின்பக்கம் போகும்போதெல்லாம் பூமியோடு பேச்சு அறுந்துவிடும். சுற்றி இந்தப் பக்கம் வந்ததும் மறுபடி குரல் கேட்கும்.

“அண்ணன் இப்ப நெலாவுக்குப் பின்னாடி இருக்காருக்கா. சுத்தி வந்ததும் பேசுவாரு பாருங்க. எனக்கு மட்டும் நாலு நண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்க.”

“போடா கோமாளி” என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை வரவழைத்த பெருமையில் நான் இன்னொரு டீ குடித்தேன்.

மத்தியானம் வாடைக்காற்று ஏறியது. ஒரு செட்டுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த கையோடு, கடையில் நான் ஒருபோதும் சொல்லாத கதை நினைவுக்கு வந்தது. கொலம்பியா என்ற விண்வெளி ஓடம். கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைப்பூச்சுத் துண்டு ஒன்று பிய்ந்து இறக்கையில் அடித்தது. படம் எடுத்துப் பார்ப்போம் என்று சில பொறியாளர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டார்கள் மேலதிகாரிகள். முன்பும் நுரை பிய்ந்திருக்கிறது. அந்த ஓடங்களெல்லாம் பத்திரமாகத் திரும்பியிருக்கின்றன. இறங்குகிற நாளில் ஏழு பேரின் குடும்பமும் ஓடுதளத்தில் காத்திருந்தது. கீழே இருந்தவர்கள் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஓடம் வானத்திலேயே சிதறிப்போயிருந்தது.

எழுந்து ஓடினேன். படகுச் சங்கத் தலைவர் கரையில் இழுத்துப் போட்டிருந்த படகின் நிழலில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார்.

“தலைவரே, அண்ணனைத் தேடிப் போகணும்.”

“யாரு, நெலாவுக்குப் பின்னாடி போனவனையா?” என்றார் அவர்.

என் வேடிக்கை எனக்கு முன்னாலேயே கரைக்கு வந்து சேர்ந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

“நல்ல மீனு மாட்டிருக்கும்லே. நீ போயி அவன் எடத்தக் காட்டிக் குடுத்துறாத.”

நின்றபடியே கொலம்பியாவைச் சொன்னேன். ஒரு வேடிக்கைகூட இல்லாமல் நான் சொன்ன முதல் கதை அதுதான். எங்கே சிரிப்பது என்று தெரியாமல் அவர்கள் காத்திருந்தார்கள். கதை முடிந்தும் சிரிப்பதற்கு இடம் வரவில்லை. தலைவர் கடலைப் பார்த்தார்.

“இந்தக் காத்துல எவனும் வலையப் போட்டுக்கிட்டு இருக்க மாட்டான். படகை எறக்குங்கடா.”

நானும் ஏறினேன். கரை மறையும் முன்பே வாந்தி. ஒரு கையில் வாளி, மறுகையில் செட். வாந்திக்கும் வாந்திக்கும் நடுவில் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருக்கலாம் என்று இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் படகைப் பார்த்தோம். கவிழ்ந்து கிடந்தது. அவர் வலைக்கயிற்றை மணிக்கட்டில் சுற்றித் தன்னைப் படகோடு கட்டிக்கொண்டிருந்தார். தூக்கும்போது உடம்பு இன்னும் விறைத்திருக்கவில்லை.

“காலையிலயே வந்திருந்தா...” என்று தொடங்கிய தலைவர், அதோடு நிறுத்திக்கொண்டு இன்ஜினைத் திருப்பினார்.

மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. எல்லோரும் போன பிறகு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவரே கேட்டார்.

“தம்பி, அந்த நெலாவுக்குப் பின்னாடி போனவரு பேசாமலே இருந்திருந்தா, தேடிப் போயிருப்பாகளா?”

“அங்கன எப்படிக்கா போறது? தேடிப் போக வேற கலமே கெடையாது” என்றேன்.

“இங்கன படகு கெடந்துச்சு.”