குடுமியான்மலை தாண்டி மறித்தார்கள்

மதராஸ் ஆஸ்பத்திரியில் ஆத்தா பிழைப்பது கஷ்டம் என்று தந்தி வந்தபோது நான் திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். யுத்த காலம். வெள்ளைக்காரனே வெளியேறு என்று கிளம்பியவர்கள் அங்கங்கே தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். தெற்கே ஒரு ரயில் கவிழ்ந்து, நசுங்கிய பெட்டிக்குள்ளிருந்து ஆட்களை வெட்டியெடுத்த கதையை நேரில் பார்த்தவர் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

புதுக்கோட்டையில் கடை வைத்திருந்த என் அண்ணனுக்கு ஆகாய விமானத்தில் போய்விட வேண்டுமென்று ஆசை. திருச்சிக்கு டெலிபோன் பேசினான். இடமெல்லாம் பட்டாளத்து அதிகாரிகளுக்கே என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் மாமனார்தான் முடிவு செய்தார். ரயிலை எவன் கவிழ்ப்பானோ தெரியாது, கார் என்றால் நம் கையில் இருக்கிறது என்றார்.

பெட்ரோல் கிடைக்காததால் காரின் பின்புறம் கரியடுப்பு மாட்டி, அந்தப் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தோம். நானும் அண்ணனும் டிரைவரும் காலையில் கிளம்பினோம். கீரனூர் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருப்பதாகப் புதுக்கோட்டையில் சொன்னார்கள். டிரைவர் வண்டியைக் குடுமியான்மலைப் பக்கம் திருப்பினார்.

குடுமியான்மலை தாண்டியதும் சாலையின் குறுக்கே ஒரு பனைமரம் கிடந்தது. கார் நின்றதுமே கடப்பாரையும் கம்புமாக ஏழெட்டுப் பேர் ஓடி வந்தார்கள். சர்க்கார் கார் என்று எவனோ கத்தினான். தாயைப் பார்க்கப் போகிறோம் என்று அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடி நொறுங்கியது. டிரைவரை மயிரைப் பிடித்து வெளியே இழுத்து, காதோடு சேர்த்துக் கடப்பாரையால் அடித்தார்கள். தடுக்க இறங்கிய அண்ணனின் கையில் கம்பு விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

என் பக்கத்துக் கதவைத் திறந்தவன் கழுத்துச் சங்கிலியில் கை வைத்தான். அவன் கையைக் கடித்துவிட்டு மறுபக்கமாக இறங்கிப் பின்னால் ஓடினேன். அடுப்பைக் கிளறும் இரும்புக் கம்பி கரிக்குள்ளேயே செருகியிருந்தது. முந்தானையைச் சுற்றி அதை உருவினேன். துரத்தி வந்தவனின் முன்கையில் இறக்கினேன். தோல் கருகிய நாற்றம் எழுந்தது. அவன் குனிந்தபோது தோளில் இன்னொன்று. விழுந்த பிறகும் அடித்தேன்.

"கிட்ட வந்தா கண்ணப் பொசுக்கிருவேன்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"போதும்மா, விடு. செத்துறப் போறான்" என்று அண்ணன்தான் என்னைத் தடுத்தான்.

அவர்கள் விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு முட்காட்டுக்குள் போய்விட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது. காதைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சட்டையெல்லாம் ரத்தம் வழிய, டிரைவரே வண்டியைத் திருப்பிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை.

மறுநாள் மாமனார் போக வேண்டாம் என்றார். "நான் ரயில்ல போறேன் மாமா" என்று மட்டும் சொன்னேன். கையில் கட்டோடு அண்ணனும் ஏறினான். பாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு இஞ்சின் முன்னால் தனியாகப் போக, எங்கள் ரயில் ஊர்ந்து ஊர்ந்து போனது. பெட்டியில் எல்லோரும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயமே இல்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எவனாவது ஏறி வம்புக்கு வரமாட்டானா என்று பல்லைக் கடித்தபடி வாசலையே பார்த்திருந்தேன். அந்த வெறி என் உடம்பிலிருந்து இறங்க வெகு நாளாயிற்று.

ஆத்தாவுக்கு நினைவிருந்தது. அண்ணனின் கட்டைத் தடவி என்னவென்று கேட்டாள். படியில் வழுக்கி விழுந்தேன் என்றான். பார்த்து நடக்கக் கூடாதா என்று திட்டினாள். மறுவாரம் போய்ச் சேர்ந்தாள்.