ஈரக் கழிவு

களை வெட்டியே காலம் கழித்த இன்னாசியம்மாள் ஐம்பத்திரண்டாம் வயதில் நர்ஸ் ஆனாள். 1971இல் தருமபுரி டாக்டர் அவளிடம் மூன்று காரியங்களை ஒப்படைத்தார். புருஷன் ஸ்தனிஸ்லாஸின் இதயம் பலவீனம். உப்பை நிறுத்த வேண்டும். தினம் காலையில் எடை பார்க்க வேண்டும். எடை கூடினால் உடம்பில் தண்ணீர் கட்டுகிறது என்று அர்த்தம். குறையும்வரை, அதை மூத்திரமாக இறக்கும் தண்ணி மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் கொடுக்க வேண்டும்.

உப்புப் பானையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்தாள்.

"இந்தக் களியெ மாடு மோந்து பாக்குமா?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"மாட்டுக்கு நெஞ்சு நல்லா இருக்குதுங்க."

எடைக்குக் கம்பைநல்லூரில் புளி மண்டித் தராசுதான். மண்டி திறந்ததும் ஸ்தனிஸ்லாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டில் சப்பணமிட்டு உட்காருவார். எடை போடும் மாரியப்பன் எதிர்த்தட்டில் படிக்கல்லை அடுக்கிவிட்டு, கடைவீதிக்கே கேட்கும்படி கூவுவான்.

"ஸ்தனிஸ்லாஸ் அண்ணன், அம்பத்தெட்டு!"

பத்து நாளும் ஐம்பத்தெட்டு. ஸ்தனிஸ்லாஸ் மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் செருப்பு காலில் ஏறவில்லை. கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தே தூங்கினார்.

பதினோராம் நாள் அவளும் மண்டிக்குப் போனாள். படிக்கற்களைத் தானே எண்ணினாள். அறுபத்திரண்டு கிலோ.

"மாரியப்பா, என்னடா இது?"

"ஈரக் கழிவு போக அம்பத்தெட்டுதானுங்க்கா."

"என்னது?"

"புளி ஈரமா வந்தா தண்ணிக்குக் கழிச்சுத்தானுங்க எடை சொல்லுவோம். அண்ணனுக்கு ஒடம்புல தண்ணின்னு நீங்கதான சொன்னீங்க? மொத நாளு அம்பத்தெட்டு, அதுக்கு மேல ஏறுனது பூராத் தண்ணிதானுங்க. தண்ணியெ மனுசன் எடையில சேத்தா நாயமாங்க்கா?"

"அட பாவி! அந்தத் தண்ணியெத்தான்டா டாக்டர் கேட்டாரு!"

ஸ்தனிஸ்லாஸ் தட்டில் உட்கார்ந்தபடியே சமாதானம் சொன்னார். "அவனெ வையாத புள்ள. மண்டி வழக்கம் அதுதான்."

"நீங்க மொதல்ல எறங்குங்க."

அன்றும் மறுநாளும் இரண்டிரண்டு மாத்திரை. வேலியோரத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தே அலுத்த ஸ்தனிஸ்லாஸ், மாரியப்பனின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார்.

மூன்றாம் நாள் மண்டி திறந்து நெடுநேரமாகியும் அவர் வரவில்லை. மாரியப்பன் பதறியடித்து வீட்டுக்கு ஓடிவந்தான். இன்னாசியம்மாள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அண்ணன் எங்கீங்க்கா?"

"தூங்கறாரு."

"சாஞ்சுக்கிட்டுங்களா?"

உள்ளிருந்து குறட்டை வந்தது.

"மல்லாந்து" என்றாள். "எழுப்பிக்கிழுப்பி வெச்சிராத, போ."